யார் அந்த நாலு பேர்?

'நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம்' என்று டெண்ட் வரும் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிறார்கள். அந்த நாலு பேரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று நம் வீடுகளில் காலங்காலமாகப் பயந்து நடுங்குகிறோமே, ஒருவேளை அவர்களேதானோ என்னவோ!

பி.காம். படித்தவனுக்கு ஒரு சௌகரியம். எதைப் பார்த்தாலும் மொத்தம் வேறு, நிகரம் வேறு என்று பிரித்துவிடுவான். டெண்ட் கம்பெனிக்காரர்கள் போடுவது மொத்தக் கணக்கு. தலைக்கு ஏறக்குறைய இரண்டடி அகலம். தோளோடு தோள் உரசிக்கொண்டு, யாரும் புரளாமல், பெட்டி, பை, செருப்பையெல்லாம் வெளியே மழையில் விட்டுவிட்டுப் படுத்தால் சரியாக நாலு பேர். நிகரக் கணக்கு வேண்டுமா? இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆறு பேர் டெண்ட். அவ்வளவுதான் சூத்திரம்.

எங்கள் வீட்டில் நான், சகதர்மிணி, பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், அப்புறம் அம்மா. போக உத்தேசித்த இடம் ஏலகிரி. அங்கே வேலி போட்ட, கழிப்பறை உள்ள ஒரு தனியார் முகாம். டெண்ட் கையில் இருக்கிறதே என்று கண்ட காட்டில் கொண்டுபோய் அடிக்க முடியாது சார். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் டெண்ட்டில் தங்கப்போன ஒரு பெண், யானை தாக்கி இறந்துபோனார். டெண்ட் துணி மழையைத் தடுக்கும், யானையைத் தடுக்காது.

கடைக்குப் போனோம். "சார், இது 3000 எம்.எம். வாட்டர்ப்ரூஃப்!" என்றார் விற்பனையாளர்.

"மூணு மீட்டர் மழை பெஞ்சாலும் தாங்குமாப்பா?" என்றான் பையன்.

அது மழை அளவு இல்லை. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் துணி கசிய ஆரம்பிக்கிறதோ, அந்த எண். சாதாரண மழைக்கு 1500 போதும். ஐப்பசி மழையில் போகிறவர்களுக்கு 3000 நிம்மதி. தரைத்துணிக்கு இன்னும் கூடுதலாக இருந்தால் நல்லது. நம் முழங்கையும் முட்டியும் அதை அழுத்துகின்றன. துணி எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும், தையலின் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று உட்புறம் தடவிப் பாருங்கள். தண்ணீர் திருட்டுத்தனமாக நுழைகிற வழி அதுதான்.

விடியற்காலையில் உள்ளே சொட்டினால், ஓட்டை டெண்ட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அது நாம் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு. குளிர்ந்த துணியில் பட்டு நீராகி நம் தலையிலேயே விழுகிறது. உள்ளே வலை, வெளியே மழைத்துணி என்று இரண்டு அடுக்கு இருந்தால், ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைத்தால், தொல்லை பாதியாகும்.

இத்தனையும் பார்த்து ஆறு பேர் டெண்ட் ஒன்று பட்ஜெட்டுக்குள் அகப்பட்டது. பணத்தை எடுக்கும் நேரத்தில் சகதர்மிணி, "உள்ளே உயரம் எவ்வளவுங்க?" என்றாள்.

நாலரை அடி. தவழ்ந்துதான் போக வேண்டும்.

"அத்தை ராத்திரி ரெண்டு தடவை எழுந்துக்கணுமே..."

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முட்டியிலும் வலி. 'நீங்க போயிட்டு வாங்கடா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்' என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு அப்படி ஒன்றும் ஓடிப்போகிற வீடு இல்லை.

பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது. உள்ளே ஆறேகால் அடி. நிமிர்ந்து நடந்து போகலாம். எடை 14 கிலோ. முதுகில் சுமந்து மலை ஏறுகிறவர்களுக்கு ஆகாது. கார் டிக்கியில் போகிறவர்களுக்கு என்ன வந்தது? உயரம் அதிகமானால் காற்று பிடிக்கும். கூடக் கொடுக்கிற அத்தனை கயிற்றையும் முளையடித்துக் கட்டிவிட வேண்டும். விலைதான் ஒன்றரை மடங்கு.

எங்கள் பி.காம். பாஷையில் இது மூலதனச் செலவு. அஞ்சு வருஷத்துக்குத் தேய்மானம் போட்டால் வருஷத்துக்கு இவ்வளவு, பத்து வருஷம் என்றால் இவ்வளவு என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது. அம்மா இன்னும் எத்தனை வருஷம் எங்களோடு மலை ஏறுவாள் என்ற இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

இனி மூட்டை கட்டும் படலம். முதலில் மொட்டை மாடியில் ஓர் ஒத்திகை. இருட்டில், மழையில், குழந்தை அழும்போது கம்பியைத் தேடக் கூடாது. கீழே விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட் டெண்ட்டைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீர் வழிந்து நம் படுக்கைக்கு அடியில் குளம் கட்டும். ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல். சமவெளியைவிட ஆறேழு டிகிரி குளிரும். மேலே ஒரு போர்வை என்றால் கீழே இரண்டு விரிப்பு. குளிர் தரையிலிருந்துதான் வருகிறது. தலையில் மாட்டுகிற விளக்கு, உபரி முளைகள், ஒரு சுத்தியல். அடுப்போ கரி நெருப்போ டெண்ட்டுக்குள் கூடவே கூடாது. வாசனையே இல்லாத விஷவாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அம்மா மூட்டை கட்டியது புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். "ஸ்டூல் எதுக்கும்மா?" என்று சிரித்தோம். அங்கே போனதும் ஷூ போட, காய் நறுக்க, மழை பார்க்க என்று அதற்குத்தான் அடிதடி.

ராத்திரி இரண்டு தடவை அம்மா எழுந்து, விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் நிமிர்ந்து நடந்து போய்விட்டு வந்தாள். மூன்றாவது தடவை ஜிப் சத்தம் கேட்டு, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று பதறி எழுந்தேன்.

"ஒண்ணுமில்லடா. மழை விட்டுடுத்து. சும்மா வானத்தைப் பாக்கறேன்."

ஊர் திரும்பியதும் டெண்ட்டை மொட்டை மாடியில் உலர்த்தினோம். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துவிடும். வடாத்துக்குக் காவல் இருப்பதுபோல் அம்மா அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமியிடம் அவள் சொன்னது மாடிப்படியில் நின்ற என் காதில் விழுந்தது.

"ஆறு பேர்னு போட்டிருப்பான், நம்பாதீங்கோ. நாலுன்னு வெச்சுக்கோங்கோ. முக்கியமா, உள்ளே நிக்க முடியறதான்னு பாருங்கோ!"