முதியோர் மையங்களில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் எங்கே?

ஆசிரியருக்கு,

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 19ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்று எனத் தொடங்கி, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசுகள் அமைக்க வழி செய்கிறது. இந்த இல்லங்களில் மருத்துவத்தோடு பொழுதுபோக்குக்கும் ஏற்பாடு தேவை என்பதை அதே பிரிவு ஏற்கிறது. நடைமுறையில் மருத்துவத்துக்குச் செவிலியரைத் தேடுகிறார்கள். பொழுதுபோக்குக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோடு கடமை முடிந்துவிடுகிறது. இது பெரும் அநீதி.

முதியோரின் பகல்பொழுதைத் திட்டமிட்டு நடத்துபவரே செயல்பாட்டு ஒருங்கிணைப்பாளர். அமெரிக்காவின் பராமரிப்பு இல்லங்களில் இப்பொறுப்பைத் தகுதி பெற்றவரே ஏற்க வேண்டும் என்பது விதி. மாநில அரசு ஏற்ற பயிற்சியை முடிப்பது அத்தகுதிக்கான வழிகளில் ஒன்று. இங்கே முதியோர் பராமரிப்புப் பயிற்சி என்பது பெரும்பாலும் குளிப்பாட்டுதல், படுக்கைப்புண் வராமல் காத்தல், மாத்திரை கொடுத்தல் என்பதோடு நின்றுவிடுகிறது.

போடிநாயக்கனூர் போன்ற ஊரில் இந்தக் குறையின் கனம் அதிகம். முந்தல், போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு விடியலில் ஜீப் ஏறிப் போன பெண்களே இன்று முதுமையில் இருக்கிறார்கள். வேலை செய்தவரை, தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 பொழுதுபோக்கு வசதியைப் பற்றியும் பேசியது. வேலை நின்றதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. மலையேறி இறங்கிய முழங்காலும் குனிந்தே நிமிர்ந்த இடுப்பும்தான் மிச்சம். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவருக்கு நாளிதழும் நூலக அலமாரியும் உதவாது. அவர்களுக்குத் தெரிந்தது ஏலக்காய்.

நிறமும் பருமனும் பார்த்துக் காயைப் பிரிப்பதும், வெடித்ததை ஒதுக்குவதும் விரல்களுக்கும் கவனத்துக்கும் நல்ல பயிற்சி. ஆனால் அதையே கூலியில்லா வேலையாக மாற்றிவிடவும் முடியும். எவ்வளவு நேரம், யார் விருப்பத்தில், எப்போது நிறுத்துவது என்பதை அறிந்தவர் கையில்தான் அது முதியவருக்கான செயலாக இருக்கும். அறியாதவர் கையில் அது சுரண்டல். பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. மறதி முற்றும்போது பலர் வீட்டில் பேசிய முதல் மொழிக்கே திரும்புகிறார்கள். தேனி மாவட்டத்தில் அது தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கலாம். அதிகாலையில் எழுந்து வாசலுக்குப் போகும் மூதாட்டிக்குத் தூக்க மாத்திரை தருவது எளிது. அவர் பல்லாண்டு ஜீப்புக்காக அந்நேரத்தில் எழுந்தவர் என்பதை, வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறியப் பயின்றவரே உணர்வார். அவருக்கு அப்போது ஒரு குவளை காப்பியும் கைக்கு ஒரு வேலையும் போதுமானதாக இருக்கலாம்.

ஆகவே ஒருங்கிணைப்பாளர் பயிற்சியின் பாடத்திட்டத்தில் வாழ்க்கை வரலாறு கேட்டல், உட்கார்ந்தபடி செய்யும் உடற்பயிற்சி, விழாமல் காத்தல், பார்வையும் செவியும் குன்றியவரோடு பழகுதல், படுக்கையிலிருப்பவரோடு தனியாக நேரம் செலவிடுதல், விருப்பமில்லை என்றால் விட்டுவிடுதல் ஆகியவை இடம்பெற வேண்டும். கும்மிப் பாட்டும் பல்லாங்குழியும் தாயமும் அதற்கான கருவிகள். கிண்டியிலுள்ள தேசிய முதியோர் நல மருத்துவமனை பாடத்தை வகுக்கலாம். கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி செய்முறைப் பயிற்சியை நடத்தலாம். மலையடிவாரப் பெண்களையே தேர்ந்தெடுத்தால் மொழியும் தொழிலும் அவர்களுக்குப் புதிதாக இராது.

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்கான 25 அன்புச்சோலை மையங்களுக்கு 10 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் இத்தகைய மையம் எங்கே திறந்தாலும், பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் பணியிடம் ஒன்றையும் அதற்கான மாதச் சம்பளத்தையும் அரசாணையிலேயே சேர்க்க வேண்டும். அரசு உதவி பெறும் இல்லங்களின் ஆய்வுப் படிவத்திலும் அதற்கென ஒரு கேள்வி இருக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
போடிநாயக்கனூர்