கடல்நீருக்கு உள்ள காவல் காலனித் தொட்டிக்கு எங்கே?

கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. இந்தச் சான்று நிலைக்க வேண்டுமானால் கடல்நீரைத் தவறாமல் சோதிக்க வேண்டும். இரு சோதனைகளுக்கு இடையே 31 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. 100 மில்லி லிட்டர் நீரில் ஈ.கோலி கிருமி 250-ஐத் தாண்டக் கூடாது. முடிவைக் கடற்கரையிலேயே பலகையில் வைக்க வேண்டும். மலம் கலந்த நீரில் குளிப்பவருக்கு வயிற்றுப்போக்கும் காது, தோல் தொற்றும் வரும் என்பதால்தான் இத்தனை கவனம். இதை வரவேற்கிறோம்.

ஆனால், ஒரு மணி நேரம் கடலில் குளிப்பவருக்குக் கிடைக்கும் இந்தக் காவல், தினமும் தொட்டி நீரைக் குடிக்கும் நமக்குக் கிடைக்கிறதா? குடிநீருக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 10500 இன்னும் கடுமையானது: 100 மில்லி லிட்டரில் ஓர் ஈ.கோலிகூட இருக்கக் கூடாது. விதி ஏட்டில் இருக்கிறது. சேரியின் தொட்டியில் எந்தப் பலகையையும் நாம் பார்த்ததில்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஆய்வகத்துக்கு முன்பே குழந்தைகளின் உடம்புதான் அதைக் கண்டுபிடித்தது.

சோதனை மட்டும் சாதிக் குற்றத்தைத் தடுத்துவிடாது. அதற்குக் காவல்துறையும் நீதிமன்றமும் கடமைப்பட்டவை. ஆனால் சாக்கடைக்குள் கிடக்கும் உடைந்த குழாயையும், கழுவாத தொட்டியையும், குளோரின் போடாத நாட்களையும் சோதனை காட்டிக்கொடுக்கும். குழாயின் கடைசி முனை பெரும்பாலும் நம் தெருவில்தான் முடிகிறது. எனவே மாதிரியும் அங்கேதான் எடுக்கப்பட வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர் சோதிக்கும் பயிற்சி தர வழியுண்டு. அதில் சேரிப் பெண்களும் இருக்க வேண்டும். பயன்படுத்துவது சிறு குப்பிதான்: நீரை ஊற்றி வைத்தால் ஓரிரு நாளில் கறுக்கும்; கறுத்தால் கிருமி இருக்கலாம் என்று பொருள். உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கல்லூரி, பள்ளி மாணவர்களே, இதை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

1927 மார்ச் 20-இல் மகாத் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிக் குடித்தார். தண்ணீரைத் தொடும் உரிமைக்கான போராட்டம் அது. அந்த நாளுக்கு இரண்டு நாள் கழித்து, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தில், நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து கேட்போம்: எங்கள் தெருக் குழாயில் கடைசியாக எப்போது மாதிரி எடுத்தீர்கள்? முடிவு என்ன? அதைத் தொட்டியிலேயே எழுதி வையுங்கள். தீர்மானமாகவும் பதிவு செய்யுங்கள்.