போர்மட் அடிக்க முதல் ஒரு நிமிஷம் நில்லுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கணினி அறை உள்ள பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்கள், வீட்டில் பழைய கணினி வைத்திருக்கிறவர்கள், பழைய மாணவர் சங்கங்களில் இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

கிளிவெட்டியில் நாங்கள் படிப்பிக்கும் பாடசாலையின் கணினி அறையில் பத்துக் கணினிகள் இருக்கின்றன. எல்லாம் பழசு. பட்டனை அழுத்தினால் விண்டோஸ் எழும்பி வர ஆறேழு நிமிஷம். வேர்ட் திறக்க இன்னும் இரண்டு நிமிஷம். நாற்பது நிமிஷப் பாடவேளையில் கால்வாசி திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதிலேயே போய்விடும். உயர்தரப் பிள்ளைகள் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சைக்குப் பயிற்சி எடுப்பதும் இந்தக் கணினிகளில்தான்.

யாரிடம் கேட்டாலும் இரண்டே இரண்டு பதில்கள்தான். ஒன்று, "சேர், இத வெச்சி இனி ஒண்டும் செய்ய ஏலா, புதுசு எடுங்க." மற்றது, "தாங்க, போர்மட் அடிச்சித் தாறன்." இந்த இரண்டு பதில்களுக்கும் எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். அலுவலகத்தில் இருந்த கணினி ஒன்றை, மிகவும் மெதுவாகிவிட்டது என்று, ஒரு கடையில் கொடுத்தோம். மறுநாள் "சூப்பரா இருக்கு சேர்" என்று தந்தார்கள். வேகமாகத்தான் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பல வருடத் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள், விடுகைப் பத்திர மாதிரிகள், விளையாட்டுப் போட்டிப் பதிவுகள் எல்லாம் போய்விட்டன. வேறு இடத்தில் ஒரு பிரதிகூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. பென் டிரைவ் ஒன்றில் மிஞ்சியிருந்த வினாத்தாளைத் திறந்தால் அது ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. பாமினி எழுத்துரு போன இடத்தில், பாமினியில் அடித்த தமிழ் எப்படித் தெரியும்? அந்தப் பெடியனில் முழுக் குற்றமும் இல்லை. "உள்ளே என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல வருடங்கள் கிளிவெட்டி முகாமில் இருந்தன. பிறப்புச் சான்றிதழ் தொலைந்த ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க ஒரு தாய் எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டும் என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். காகிதம் எரிந்தால் பதறுகிற நாங்கள், அதே காகிதம் கணினிக்குள் இருந்தால் மட்டும் "அழிச்சிட்டுப் புதுசா போடுங்க" என்று எப்படிச் சொல்கிறோம்?

இனி விஷயத்துக்கு வருவோம். அந்தக் கணினிகள் ஏன் மெதுவாக இருக்கின்றன? பெரும்பாலும் மூளை பழசானதால் அல்ல. உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றும் தட்டு. அதன் மேல் ஒரு ஊசி அங்குமிங்கும் ஓடி ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுக்க வேண்டும். ஒரு துண்டைத் தேட ஏறத்தாழ செக்கனில் நூறில் ஒரு பங்கு பிடிக்கும். குறைவுதான். ஆனால் விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்குத் தட்டும் இல்லை, ஓடுவதற்கு ஊசியும் இல்லை. தேடும் நேரம் நூறு மடங்குக்குக் கிட்டக் குறைகிறது. அதனால்தான் புதிய கணினி ஒன்றின் விலையில் சிறு பங்கு கொடுத்து ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கணினி உயிர் பெறுகிறது. எங்களிடம் ஏழு நிமிஷம் எடுத்த கணினி இப்போது அரை நிமிஷத்தில் எழும்புகிறது.

"சரி, எஸ்.எஸ்.டி. போடுங்க. ஆனா போர்மட் அடிச்சித்தான் போடணும்" என்பார்கள். அது கட்டாயம் இல்லை. இருப்பதை இருந்தபடியே புதிய டிஸ்குக்கு மாற்றலாம். விண்டோஸ், ஒபிஸ், எழுத்துருக்கள், தமிழ் விசைப்பலகை, பிரிண்டர் எல்லாம் அப்படியே வரும். இதற்குப் பெயர் குளோனிங்.

ஆனால் சி டிரைவைத் திறந்து எல்லாவற்றையும் கொப்பி பண்ணி ஒட்டினால் இது நடக்காது. நாங்களும் அப்படிச் செய்து பார்த்து ஏமாந்தவர்கள்தான். ஒரு பிள்ளை 9ஏ வகுப்பிலிருந்து 9பீ வகுப்புக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அந்த வகுப்புப் பிள்ளை ஆகிவிடுமா? இடாப்பில் பெயர் ஏற வேண்டும். விண்டோஸிலும் ரெஜிஸ்ட்ரி என்று ஒரு இடாப்பு இருக்கிறது. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, அதன் அமைப்புகள் என்ன என்பதெல்லாம் அதில்தான் பதிவு. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் அந்த இடாப்பை வெறுமனே கொப்பி பண்ண விடாது. கணினியை எழுப்பும் கோப்புகளோ கண்ணுக்குத் தெரியாத சிறிய பகுதிகளில் கிடக்கின்றன. அவை வராவிட்டால் புதிய டிஸ்க் எழும்பாது. ஆகவே டிஸ்கை முழுதாக, எல்லாப் பகுதிகளோடும், அதற்கென்று உள்ள மென்பொருளால் மாற்ற வேண்டும்.

நாங்கள் செய்த முறை இது. முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளால் பழைய டிஸ்கின் நிலையைப் பார்த்தோம். அது எச்சரிக்கை காட்டினால், வேறு எதையும் தொடாமல் முதலில் ஆவணங்களை வெளி டிஸ்கில் எடுத்துவிடுங்கள். எச்சரிக்கை காட்டாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். பிட்லொக்கர் பூட்டுப் போட்டிருந்தால் அதை முதலில் நீக்குங்கள். பிறகு புதிய எஸ்.எஸ்.டி.யை யூ.எஸ்.பி. கேபிளில் கொழுவினோம். டிஸ்க் வாங்கிய கம்பனியின் இணையத்தளத்திலேயே பெரும்பாலும் இலவசக் குளோனிங் மென்பொருள் கிடைக்கும். இல்லாவிட்டால் தாய்வானில் உருவான குளோன்சில்லா இருக்கிறது. அதுவும் இலவசம். ஆனால் அது வழமையாகப் புதிய டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று கேட்கும். 500 ஜிகாபைட்டிலிருந்து 256க்குப் போகிறவர்கள், தானாகச் சுருக்கித் தரும் மென்பொருளை எடுப்பது சுலபம். பாவித்திருக்கும் இடம் புதிய டிஸ்கில் கொள்ளுமா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

எது மூலம், எது இலக்கு என்பதை இரண்டு பேர் சேர்ந்து பார்த்து வாய்விட்டுச் சொல்லிய பிறகே தொடங்குங்கள். திசை மாறினால் வெறும் டிஸ்க் நிறைந்த டிஸ்கை விழுங்கிவிடும். முடிந்ததும் கணினியை நிறுத்தி, பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து முதல் தடவை எழுப்புங்கள். ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்குகள் ஒன்றாக இருந்தால் விண்டோஸ் குழம்பும். மதர்போர்ட் மாறாததால் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் தானாகவே தொடரும். பழைய டிஸ்கில் திகதி எழுதி ஒரு மாதமாவது அலுமாரியில் வையுங்கள்.

"புதிதாகப் போடுவதுதானே சுத்தம்?" என்று கேட்பவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வைரஸ் ஏறிய கணினியைக் குளோன் பண்ணினால் வைரஸும் சேர்ந்து குடிவரும். அப்படியானால் ஆவணங்களையும் எழுத்துருக்களையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, புதிதாகவே போடுங்கள். ஆனால் கடையில் "புதிதாகப் போட்டுத் தருவது" பல வேளை திருட்டு விண்டோஸும், அதை இயக்க ஒரு கள்ளச் சாவி மென்பொருளும்தான். அந்தச் சாவியோடு என்ன வந்தது என்று யாருக்குத் தெரியும்? களவு கூடாது என்று காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, களவு விண்டோஸில் பாடம் நடத்துவதை நாங்களும் நிறுத்த வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 சில்லும் ஓரளவு புதிய புரொசசரும் கேட்கிறது. எங்கள் கணினிகள் அதில் தேறாது. எஸ்.எஸ்.டி. வேகம் தருமே தவிர இந்தக் குறையைத் தீர்க்காது. அதற்காகத் தூக்கி எறிவதா? இணையம் தேவைப்படும் கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இருக்கின்றன. கேரளத்து அரச பாடசாலைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கின்றன. அவர்களால் முடிந்தது எங்களால் ஏன் முடியாது?

2022இல் ரூபாய் விழுந்தபோது கணினி விலை எங்கே போனது என்று எல்லோரும் கண்டோம். அதே வருடம் உலகம் 6.2 கோடி தொன் மின்னணுக் கழிவைக் கொட்டியது என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் கால்வாசிகூட இல்லை. எங்கள் ஸ்டோர் அறையில் தூசு பிடித்துக் கிடக்கும் பெட்டிகளும் அந்தக் குவியலின் ஒரு மூலைதான்.

உதவி செய்யும் நல்ல உள்ளங்களிடம் ஒரு வார்த்தை. புதிய கணினி இரண்டு தந்து, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுக்கிறீர்கள். நன்றி. அந்த இரண்டின் காசில் எங்கள் பத்தும் உயிர் பெற்றிருக்கும். எஸ்.எஸ்.டி.க்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அது பெட்டிக்குள் போய்விடும், போட்டோவில் தெரியாது. ஆனால் நாற்பது நிமிஷமும் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. "கழற்றிப் பூட்டுவது எங்கட வேலையா?" என்று கேட்காதீர்கள். நாங்கள் முதல் கணினியைத் திறந்தபோது உயர்தரப் பிள்ளைகள் நால்வரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். ஐந்தாவது கணினியை அவர்களே செய்தார்கள். அன்று அவர்கள் படித்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது.

கடைசியாக, பழைய டிஸ்கை அப்படியே விற்காதீர்கள். பிள்ளைகளின் பெயர், விலாசம், புள்ளிகள், பெற்றோரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். அவசரப் போர்மட்டில் அவை அழியாது, திரும்ப எடுக்கலாம். முழு டிஸ்கையும் மேலெழுதி அழியுங்கள். அல்லது பாடசாலையிலேயே பூட்டி வையுங்கள். அது எங்களிடம் ஒப்படைத்த அமானிதம். வைத்திருக்கும்போதும் அமானிதம்தான், கைமாறும்போதும் அமானிதம்தான்.

ஆகவே அடுத்த முறை யாராவது "போர்மட் அடிச்சித் தாறன்" என்றால் "உள்ளே இருக்கிறது என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கணினியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பக்கத்துப் பாடசாலைகளில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறோம். தேநீர் மட்டும் தந்தால் போதும்.