மூளைக்கும் பயிற்சி உண்டு!



பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டவங்க, பக்கவாதம் வந்தவங்க நம்ம தெருவிலும் இருக்கலாம். அடுப்பில் பால் வைத்ததை மறப்பாங்க. சொன்னதையே திரும்பச் சொல்வாங்க. உடனே நாம, "மண்டை குழம்பிருச்சு, இனி அவ்வளவுதான்"னு முடிவு கட்டிடறோம். இது தப்பு என்பது என் கருத்து.

சாவி தொலைந்தால் திண்டுக்கல் பூட்டைத் தூக்கியா எறிகிறோம்? மூளைக்கும் மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் தரும் பயிற்சிகளில் ஒன்று தானியம் பிரிப்பது! கலந்து வைத்ததை வகைவகையாகப் பிரிக்கணும். விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் அலைபாயும் கவனம் ஒரே இடத்தில் நிற்கப் பழகும். கவனம் நின்றால்தானே ஞாபகம் நிற்கும்?

போனது எல்லாம் திரும்பி வராது, உண்மைதான். அதற்கும் வழி இருக்கு: நோட்டில் எழுதி வைப்பது, செல்போனில் அலாரம், சாவி மாட்ட ஒரே ஆணி.

1943-ல் போரில் தலையில் குண்டடிபட்ட சோவியத் வீரர் ஒருவர் எழுதப் படிக்கவே மறந்து போனார். டாக்டர் லூரியாவின் உதவியோடு மறுபடி எழுதப் பழகி, சுமார் 25 வருடத்தில் 3000 பக்கம் எழுதினார்!

எனவே, அடிபட்டுத் திரும்பி வரும் நண்பனை "டியூப்லைட்"னு கூப்பிடாதீங்க. நோட்டு கொடுங்க, மெதுவா சொல்லிக் கொடுங்க. ஆசிரியர்களும் அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தர வேண்டுகிறேன்.

கேலி வேண்டாம், கை கொடுப்போம்!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி