பழைய காலத்துக்குப் போக வழியில்லை

இடைசெவல் கரிசல்காட்டில் நின்று கார்த்திகை மீன்கூட்டத்தைப் பார்ப்பேன். அந்த வெளிச்சம் கிளம்பி ஏறக்குறைய 440 வருசம் ஆகிறது. அப்போது மதுரையில் நாயக்கர் ஆட்சி. பழசைப் பார்க்கலாம், அங்கே போய் இறங்க முடியாது என்பதே என் முடிவு.

எதிர்காலம் வேறு, அங்கே முந்திப் போக வழி உண்டு. வேகமும் ஈர்ப்பும் காலத்தின் ஓட்டத்தை மாற்றும் என்றார் ஐன்ஸ்டைன். திருத்தாவிட்டால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளுக்கு 38 மைக்ரோ வினாடி முந்தும். பின்னோக்கிப் போனதற்கு ஒரு சான்றும் இல்லை.

போக முடியாத பழசைச் சேர்த்து வைக்கலாம். 1923இல் இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் திரட்டி அகராதி போட்டார். அவர் செய்ததுதான் சரி. மாடு கட்டிக் கமலையில் கிணற்று நீர் இறைத்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை இந்த வாரமே செல்போனில் பதிவு செய்யுங்கள்.