மூன்று குரல் கச்சேரி

ஒரே நேரத்தில் மூன்றே மூன்று சுரங்கள். நான்காவதற்கு இடமில்லை. ஆனைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரிதான். ஆனாலும் 1982-ல் அறிமுகமான கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் இசைக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. அதற்கென்றே புது மெட்டுப் போடுகிறவர்களும் உண்டு.

பெருமை ‘சிட்’ என்ற சிப்பையே சேரும். அதை வடிவமைத்த அமெரிக்க எஞ்சினியர் பாப் யானஸ் ஒரு சிந்தசைசர் பிரியர். அந்நாளைய கம்ப்யூட்டர்களின் ‘பீப்’ சத்தம் அவருக்குப் போதவில்லை. 3 குரல்கள், 4 வகை ஒலி அலைகள், ஒலியைச் சீவிச் செதுக்க ஒரு ஃபில்டர் என்று ஒரு வாத்தியத்தையே சிப்புக்குள் அடக்கிவிட்டார்.

மீதி சாமர்த்தியம் இசையமைப்பாளர்களுடையது. 1985-ல் ‘மான்டி ஆன் தி ரன்’ விளையாட்டுக்கு இசையமைத்த பிரிட்டனின் ராப் ஹப்பார்டு, இசையை இயக்கும் புரோகிராமையும் தானே எழுதியவர். 64 கிலோபைட் நினைவகத்தில் விளையாட்டுக்குப் போக மிஞ்சிய மூலையில்தான் பாட்டு. மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு வேண்டுமா? ஒரே குரலை அந்த மூன்று சுரங்களிலும் விநாடிக்கு 50 முறை தாவவிட்டால் காது ஏமாந்துவிடும். மற்ற இரண்டு குரல்களும் மெட்டுக்கும் தாளத்துக்கும் மிச்சம். அந்தக் குறுகுறு ஒலிதான் இன்றும் ‘சிப்டியூன்’ இசையின் முத்திரை.

1994-ல் கமடோர் கம்பெனி திவாலானது. ‘சிட்’ தயாரிப்பும் ஓய்ந்தது. 1999-ல் இந்த சிப்பை வைத்தே சிந்தசைசர் தயாரித்த ஸ்வீடனின் எலெக்ட்ரான் நிறுவனம், கையிருப்பு தீர்ந்ததும் அந்தத் தயாரிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. எஞ்சியவையும் சூட்டிலும் வயதிலும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. நல்ல சிப் ஒன்று வேண்டுமானால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்தாக வேண்டும். ஒரு வாத்தியம் பிழைக்க இன்னொன்று ஊமையாக வேண்டும்.

‘சிட்’டைப் போலவே ஒலிக்கும் சாஃப்ட்வேரும் மாற்று சிப்களும் வந்துவிட்டனதான். ஆனால் யாரைப் போல ஒலிப்பது? ஆரம்பகால சிப்களில் ஃபில்டர் ஒன்றுபோல் ஒன்று அமையவில்லை. உற்பத்தியில் நேர்ந்த குறை அது. இசையமைப்பாளர் தன் கம்ப்யூட்டரில் கேட்டுக் கேட்டுச் சரிசெய்த மெட்டு, அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் வேறாகக் கேட்டது.

பாட்டுகள் ஆயிரக்கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. பாடிய குரல்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.