குட்டி எழுத்துப் பேர்

8 மணி ஷோவுக்கு 9 மணிக்கு ஆடி அசைஞ்சு போற ஆளா நீங்க? அப்படின்னா இந்த வாரம் உங்களைத்தான் வம்புக்கு இழுக்கப் போறேன்.

அமெரிக்கா, லண்டன் பக்கம் கச்சேரி போஸ்டர்களைப் பாருங்க. நடுவுல பெரிய எழுத்தில் ஒரு பேர். அதுக்குக் கீழே, கண்ணாடி போட்டுத் தேடினாத்தான் கிடைக்கிற மாதிரி இன்னொரு பேர். இந்தக் குட்டி எழுத்துப் பார்ட்டிதான் 'சப்போர்ட் ஆக்ட்'. பெரிய பேண்டு வர்ற வரைக்கும் அரை மணி, முக்கால் மணி நேரம் இவங்க தாக்குப் பிடிக்கணும். ஹால்ல பாதி சேர் காலியா இருக்கும். வந்திருக்கிற பாதி, கையில கப்போட வெளியில அரட்டை அடிச்சுக்கிட்டு இருக்கும். பெரிய பேண்டோட டிரம்ஸ் ஏற்கெனவே மேடையை அடைச்சுக்கிட்டு நிக்கும். அதுக்கு முன்னால இருக்கிற சந்துலதான் இவங்க நின்னாகணும். கல்ச்சுரல்ஸ்ல சீஃப் கெஸ்ட் வர்ற வரைக்கும் பாடின கோஷ்டியா நீங்க? அப்ப மேற்கொண்டு விளக்கமே வேண்டாம்!

1981 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலீஸ் கொலீசியம் மைதானத்துல, ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னாடி 23 வயசுப் பையன் ஒருத்தர் பாட வந்தார். கூட்டம் கண்டதையும் தூக்கி எறிஞ்சது. பாதியில இறங்கிப் போயிட்டார். சமாதானப்படுத்திக் கூட்டி வந்தாங்க, அடுத்த ஷோவிலும் அதே மரியாதை! அந்தப் பையன் பேர் பிரின்ஸ். மூணே வருஷத்துல 'பர்ப்பிள் ரெயின்' வந்துச்சு. எறிஞ்சவங்க என்ன சொல்லிச் சமாளிச்சாங்களோ, பாவம்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற கதை. குட்டி எழுத்தைக் குட்டியா நினைக்காத ஒரு பேண்டோட கதை.

நியூயார்க்ல ப்ரூக்ளின். அங்கே ஒரு பழைய வீட்டை ஸ்டுடியோ ஆக்கி, 'டாப்டோன்' என்ற லேபிளை நடத்தினாங்க ஒரு கோஷ்டி. கம்ப்யூட்டர் வேண்டாம், பழைய டேப்தான் வேணும்னு அடம்பிடிச்ச ஆட்கள். ஃபங்க், சோல்தான் உயிர். ஃபங்க்னா என்னன்னு ஒரே வரியில சொல்றதா இருந்தா... நாலு அடியில முதல் அடிக்கு அத்தனை பேரும் சேர்ந்து அழுத்தம் கொடுக்கணும். நம்ம தாளத்துல 'சமம்' மாதிரி. மத்த மூணு அடியில யார் எங்கே வேணா விளையாடலாம், ஆனா முதல் அடிக்கு வீடு வந்து சேர்ந்துடணும். ஜேம்ஸ் பிரவுன் போட்ட சட்டம் இது. தப்பா வாசிச்சா ஃபைன் வேற போடுவார் மனுஷன்!

டாப்டோனோட ராணி ஷரோன் ஜோன்ஸ். ரைக்கர்ஸ் தீவு ஜெயில்ல காவலரா இருந்தவங்க. '96-ல ஒரு ரெக்கார்டிங்குக்கு கோரஸ் பாட மூணு பேரைக் கூப்பிட, வந்தது ஷரோன் மட்டும்தான். மூணு குரலையும் நானே பாடிடறேனேன்னு பாடிட்டாங்க. ஸ்டுடியோவுக்கு வயரிங் வேலைகூட செஞ்சிருக்காங்க. 'டாப்-கிங்ஸ்' பேண்டோட முதல் ஆல்பம் வந்தது 2002-ல. அப்ப ஷரோனுக்கு 46 வயசு!

இப்ப குட்டி எழுத்துக்கு வருவோம். சார்லஸ் பிராட்லி. 1962-ல ஹார்லெம் அப்போலோ தியேட்டர்ல ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்தப்ப அவருக்கு வயசு 14-ஐத் தாண்டலை. அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம். வீட்டை விட்டு ஓடி, ரயில்ல தூங்கி, வருஷக்கணக்கா சமையல்காரரா வேலை பார்த்து, ராத்திரியில விக் மாட்டிக்கிட்டு 'பிளாக் வெல்வெட்' என்ற பேர்ல ஜேம்ஸ் பிரவுன் மாதிரியே பாடிக்கிட்டு இருந்தார். அப்படித்தான் டாப்டோன்காரங்க கண்ணுல பட்டார். சொந்தப் பேர்ல முதல் ஆல்பம் 2011-ல, 62 வயசுல. தயாரிச்சவர் டாப்-கிங்ஸ்ல கிடார் வாசிச்ச தாமஸ் பிரென்னெக்.

ஆல்பம் வந்ததும் ஷரோனோட மேடையிலயே முன்னாடி பாட பிராட்லிக்கு இடம் கிடைச்சது. ஒரே லேபிள், ஒரே குடும்பம். அதனால முதல்ல பாடுறவர் சும்மா நேரத்தை ஓட்டுற ஆள் இல்லை. அடுப்பை மூட்டுறவர். முட்டி போடுவார், மைக் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு இழுப்பார், அடிவயித்துலேர்ந்து ஒரு அலறல் அலறுவார் பாருங்க... மிமிக்ரி போய் மனுஷன் வெளியே வந்திருப்பார். கடைசியில கூட்டத்துக்குள்ள இறங்கி ஒவ்வொருத்தரா கட்டிப்பிடிப்பார். இதுக்கு மேல மேடை ஏறணும்னா ஷரோன் எப்படி ஆடணும்! ஆடினாங்க. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஆடினாங்க.

2013-ல ஷரோனுக்குப் புற்றுநோய். கீமோதெரபி முடிஞ்சு 2014 பிப்ரவரியில விக் இல்லாம மொட்டைத் தலையோடவே மேடைக்கு வந்தாங்க. அந்த டிசம்பர்ல மொத்த டாப்டோன் குடும்பமும் அப்போலோவுல மூணு ராத்திரி வாசிச்சது. பிராட்லி நின்னது, 52 வருஷத்துக்கு முன்னாடி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த அதே மேடை. இதைக் கதையா எழுதிக் கொடுத்தா, 'ரொம்ப சினிமாத்தனமா இருக்கு'ன்னு எந்த எடிட்டரும் திருப்பி அனுப்பிடுவார்.

நோய் திரும்பி வந்தது. 2016-ல ஹால் அண்டு ஓட்ஸ் டூர்ல, சிகிச்சைக்கு நடுவுல ஷரோன் பாடினாங்க. அந்த போஸ்டர்ல பெரிய எழுத்து ஹால் அண்டு ஓட்ஸுக்கு. ஷரோனுக்குக் கீழே இருக்கிற எழுத்து. ராணியே சப்போர்ட் ஆக்ட்! சேர் நிரம்பாத சாயங்கால வெளிச்சத்துல, அதே செருப்பைக் கழட்டுற ஆட்டம். அந்த நவம்பர் 18-ம் தேதி போயிட்டாங்க, 60 வயசு. அடுத்த செப்டம்பர்ல பிராட்லியும். அவருக்கும் புற்றுநோய்தான். 62 வயசுல ஆரம்பிச்ச மனுஷனுக்குக் கிடைச்சது ஏழு வருஷம்கூட இல்லை.

அப்போலோவுல பதிவு பண்ணினது 2021-ல ஆல்பமா வந்திருக்கு. ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. ஒரே ஒரு கண்டிஷன், பிராட்லியை ஸ்கிப் பண்ணிட்டு நேரா ஷரோனுக்குத் தாவக் கூடாது. ஹலோ, 9 மணி பார்ட்டி... உங்களைத்தான்!